பதினொரு புள்ளிகளும் ஒரு பெயரும்

என்னை இந்த மேடைக்கு அழைத்துவிட்டு, ஏன்தான் அழைத்தோமோ என்று இப்போது நாற்காலியில் நெளிந்துகொண்டிருக்கும் ட்ரோன் ஓட்டிகள் சங்கத் தலைவர் அவர்களே! அவர் எழுந்து ஓடிவிடாதபடி முழங்கையைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருக்கும் சங்கத்துச் செயலாளர், கல்யாண வீடியோக் கலைஞர் அவர்களே! முன் வரிசையில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து என்னை முழுதாய் அளந்துகொண்டிருக்கும் மூத்தோர்களே! மடியில் பிள்ளையும் தோளில் பையுமாய் வந்து, பேச்சு முடியும்வரை பிள்ளை தூங்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருக்கும் தாய்மார்களே! வானத்தை வரப்பின்றி உழுகின்ற வல்லவர்களே, வல்லமைமிக்க மகளிரே, ட்ரோன் ஓட்டும் என் இனிய தோழமைகளே! பேச்சு நீண்டால் நழுவிவிடலாம் என்று கதவோரமாகவே நின்றுகொண்டிருக்கும் கனவான்களே! உங்கள் அனைவருக்கும், ட்ரோன் பதிவு அலுவலகத்தின் அலுவலரான இந்த எளியவளின் அன்பு வணக்கம்.

கை தட்டுகிறீர்கள். காது குளிர்கிறது. ஏனென்றால், அன்பர்களே, சென்ற ஆண்டு நான் உங்கள் கடைத்தெருவில் கால் வைத்தால் கேட்டது கைத்தட்டல் அன்று, கதவு சாத்தும் சத்தம்! பேட்டரிக் கடைக்காரர் ஷட்டரை இழுப்பார். செயலாளர் அவர்கள் தமது ட்ரோனை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, கல்யாணம் என்றால் என்னவென்றே தெரியாதவரைப் போல நிற்பார். வயலுக்கு மருந்து தெளிக்கிற தம்பி, ஆளுயரத்துக்கு அகலமான இயந்திரத்தின் மேல் படுதாவைப் போர்த்திவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “சும்மா காத்து வாங்குறேன் மேடம்” என்பார். எனக்கு நீங்கள் வைத்திருந்த செல்லப் பெயரும் எனக்குத் தெரியும். கண்கொத்திப் பாம்பு! பின்னாலிருந்து யாரோ ‘ஆமாம்’ என்கிறார். நன்றி ஐயா. உண்மையை உரக்கச் சொல்லும் துணிவு இந்தச் சங்கத்துக்கு எப்படி வந்தது என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

அப்படி என்னதான் கேட்டது அரசாங்கம்? உங்கள் வானத்தைக் கேட்டதா? உங்கள் வாழ்வைக் கேட்டதா? ஒவ்வொரு ட்ரோனுக்கும் ஓர் எண் வேண்டும் என்றது. ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் ஆள் வேண்டும் என்றது. விமான நிலையத்தின் பக்கம் போகாதே, சிறைச்சாலைக்கு மேலே சுற்றாதே, அடுத்த வீட்டுச் சன்னலை எட்டிப் பார்க்காதே என்றது. இயந்திரத்தின் வயிற்றில் ஒரு சின்ன டப்பாவைக் கட்டு என்றது. தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய டப்பா. இது எந்த எண், எங்கே இருக்கிறது, ஓட்டுகிறவர் எங்கே நிற்கிறார் என்று அது எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ட்ரோன் தரையில் இறங்கிய பிறகும் வாய் மூடாது. அதற்குத் தனி பேட்டரி உண்டு. நாமாக அணைத்தாலொழியப் பேசிக்கொண்டேதான் இருக்கும். என்னை மாதிரி என்று செயலாளர் மனத்துக்குள் சொல்லிக்கொள்கிறார், முகத்திலேயே தெரிகிறது.

அந்த டப்பாவைக் கண்டு நீங்கள் அஞ்சினீர்கள். அஞ்சியதில் தவறு என்ன? உழைக்கப் போகும் இடமெல்லாம் ஒரு கண் உங்கள் முதுகின் மேல் ஊர்ந்தால் யாருக்குத்தான் கூசாது? டீ குடிக்க நின்றால் தெரியும், தூங்க ஒதுங்கினால் தெரியும் என்றால் யாருக்குத்தான் எரியாது? எனக்கு எரியும். என் தம்பிக்கு எரியும். சட்டம் எழுதியவருக்கும் எரியும். எனவே சங்கம் கூடியது, சிந்தித்தது, சிரித்தது, ஒரு முடிவுக்கு வந்தது. அரசாங்கத்துக்கு ஆள் தெரிய வேண்டும், அவ்வளவுதானே? ஓர் ஆள் தெரிந்தால் போதாதா? எல்லோரும் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும்?

அந்த ஓர் ஆளாகத் தம்மையே தந்தார் நம் தலைவர். தம் பெயரில் தம் ட்ரோனைப் பதிந்து ஓர் எண்ணை வாங்கினார். அந்த ஒரே எண்ணை ஒட்டுச்சீட்டாக அடித்து, சங்கத்திலுள்ள அத்தனை பேருடைய இயந்திரத்திலும் ஒட்டினார். பேட்டரிக் கடைக்காரர் டப்பாக்களிலும் அதே எண்ணை ஏற்றிக் கொடுத்தார். இது பிறகு ஒரு சடங்காகவே ஆகிவிட்டதாம். புதிதாக ஒருவர் சங்கத்தில் சேர்ந்தால், தலைவர் எழுந்து நின்று தம் கையாலேயே ஒட்டுவார், மற்றவர்கள் தட்டுவார்கள், ஆளுக்கொரு டீ வரும். இரத்த சம்பந்தம் உள்ளவர்கள்கூட இவ்வளவு நெருக்கமாய் இருப்பதில்லை, எல்லாரும் ஒரே எண்! எனக்கு இதெல்லாம் அப்போது சத்தியமாகத் தெரியாது.

எங்கள் அலுவலகத்துத் திரையில் ஓர் எண்ணைத் தட்டினால்தான் அதன் புள்ளி தெரியும். புகார் வந்த எண்களைத் தட்டுவோம். புகாரே வராத ஒரு நல்ல பிள்ளையின் எண்ணை யார் தட்டிப் பார்ப்பார்கள்? ஆனால் மேலிடத்தில் ஒரு கணினி கணக்குப் போட்டது. நாட்டிலேயே ஓயாமல் உழைக்கும் ஓட்டி யார் என்று தேடியது. தேடினால், ஒரு மகானுபாவர்! காலையில் வயலுக்கு மேல் பறக்கிறார், அதே காலையில் கல்யாணத்துக்கு மேலும் பறக்கிறார். கிழக்கே இருக்கிறார், மேற்கே இருக்கிறார், உண்பதில்லை, உறங்குவதில்லை, உட்காருவதுமில்லை. இப்பேர்ப்பட்ட உழைப்பாளிக்கு ஒரு விருது கொடுத்தால் என்ன என்று, மொத்த மணிக்கணக்கை மட்டும் பார்த்த மேலதிகாரி என்னைக் கேட்டார், கொடுத்தும்விட்டோம். தலைவர் தண்ணீர் குடிக்கிறார். குடியுங்கள் ஐயா, நிதானமாகக் குடியுங்கள், இன்னும் நிறைய இருக்கிறது.

இவ்வளவு நேரம் சிரித்தோம். இனி ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். டயர் கடைக்கு மேலே மாடியில் இரண்டே அறைகள் எங்கள் அலுவலகம். ஒரு பிற்பகல், படியில் தடதடவென்று காலடி கேட்டது. கதவைத் திறந்துகொண்டு வந்தவரின் இரண்டு கையிலும் முழங்கைவரை மாவு. கடைத்தெரு முனையில் ரொட்டிக் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். அதோ அந்தத் தூணருகில் உட்கார்ந்திருக்கிறார், இன்று கை சுத்தமாக இருக்கிறது. அவருடைய மனைவியை உங்கள் எல்லோருக்கும் தெரியும். ட்ரோனைப் பறக்கவிட்டு நிலம் அளக்கிறவர். கைவிடப்பட்ட கல்குவாரிகளின் ஆழத்தை அளந்து, எங்கெங்கே வேலி போட வேண்டும் என்று சொல்லும் வேலை அன்று அவருக்கு.

“என் சம்சாரத்தைக் காணோம் மேடம்” என்றார் அவர். “எந்தக் குவாரிக்குப் போனாங்கன்னு நான் கேட்டு வச்சுக்கல. தினமும் மத்தியானம் போன் பண்ணி ‘சாப்பிட்டீங்களா’ன்னு கேப்பாங்க. இன்னிக்குக் கேக்கல.”

இதைக் கேட்டு ஒருவர் சிரித்தாராம். காவல் நிலையத்தில் அல்ல, அங்கே சாயங்காலம்வரை பார்க்கலாம் என்றுதான் சொன்னார்கள். சிரித்தவர் வழியில் பார்த்த ஒரு நண்பர். ஒரு வேளை போன் வரவில்லை என்பதற்கா இந்த ஓட்டம் என்று கேட்டிருக்கிறார். தாய்மார்களே, நீங்கள் சொல்லுங்கள். குடும்பம் என்பது வேறென்ன? சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு குரல், அந்தக் குரல் ஒரு நாள் கேட்காவிட்டால் போட்டது போட்டபடி ஓடிவர ஓர் ஆள், இதைத் தவிர வேறென்ன? அந்த மாவுக் கைகளைப் பார்த்ததுமே நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

எண் என்ன என்று கேட்டேன். தம் போனில் இருந்த ஒரு படத்தைக் காட்டினார். அவருடைய மகள் அம்மாவின் ட்ரோனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பக்கவாட்டில் ஒட்டுச்சீட்டு தெளிவாகத் தெரிகிறது. இவ்வளவுதானே, இதற்குத்தானே இந்தச் சட்டம், இதற்குத்தானே இந்தத் திரை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எண்ணைத் தட்டினேன். ஒரு புள்ளி வந்தது. பக்கத்தில் இன்னொன்று வந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று, ஓரத்தில் ஒன்று. திரைக்கு அம்மை போட்டதுபோல் வந்துகொண்டே இருந்தது. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. இயந்திரத்தில்தான் கோளாறு என்று எண்ணி அணைத்துவிட்டு மறுபடி தட்டினேன். மறுபடியும் பதினொன்று.

கல் வெட்டிக் கல் வெட்டியே வளர்ந்த ஊர் நம் ஊர். வயலுக்குப் பக்கத்தில் குவாரி, கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் குவாரி, குடியிருப்பை ஒட்டிக் குவாரி. எந்தப் புள்ளியைப் பார்த்தாலும் பக்கத்தில் ஒரு பள்ளம். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்றபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுல எங்க வீட்டுக்காரம்மா எது மேடம்?” என்றார்.

அன்பர்களே, அந்தக் கேள்விக்கு அரசாங்கத்திடம் பதில் இல்லை. சட்டம் இருந்தது, பதில் இல்லை. திரை இருந்தது, பதில் இல்லை. என் மேசையில் முத்திரை இருந்தது, முத்திரைக்குப் பின்னால் நான் இருந்தேன், என்னிடமும் பதில் இல்லை. பதினொரு பேரும் ஒருவராகிவிட்டால், தொலைந்த ஒருவரை எப்படித் தேடுவது?

செயலாளரைப் போனில் பிடித்தேன். அவர் அப்போது ஒரு மணமக்களின் தலைக்கு மேலே ட்ரோனைச் சுற்றவிட்டுக்கொண்டிருந்தார். இந்த எண்ணை யாரெல்லாம் வைத்திருக்கிறீர்கள் என்றேன். எந்த எண் மேடம் என்றார், பால் மணம் மாறாத பச்சைக் குழந்தை மாதிரி! நான் கோபக்காரி. என் வாயில் அப்போது வந்ததை இந்த மேடையில் சொல்ல முடியாது. தாய்மார்கள் பிள்ளைகளோடு வந்திருக்கிறீர்கள். ஆனால் உங்களில் ஒருத்தி எங்கோ விழுந்து கிடக்கிறாள் என்ற ஒரு சொல்லைச் சொன்னதும், என்ன செய்யணும் மேடம் என்றார். வழி ஒன்றுதான் என்றேன். எல்லோரும் அவரவர் டப்பாவை அணையுங்கள். எல்லாப் புள்ளியும் போனபின் எது மிஞ்சுகிறதோ, அதுதான் அந்த அம்மா.

டப்பாவை அணைத்தால் என்ன அர்த்தம்? ஆமாம், என் இயந்திரத்திலும் அதே எண்தான், நானும் விதியை மீறியவன்தான் என்று அரசாங்கத்தின் திரையில் கையெழுத்துப் போடுவதாக அர்த்தம். பிழைப்பே போகலாம்.

“கேஸ் வருமா மேடம்?” என்றார்.

“வராதுன்னு என்னால சொல்ல முடியாது” என்றேன்.

பொய் சொல்லியிருக்கலாம். சொன்னால் சட்டென்று வேலை முடிந்திருக்கும். ஆனால் அன்றைக்கு ஒரு பொய் சொல்லியிருந்தால் இன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்த்து இப்படிப் பேச எனக்கு வாய் ஏது? அவர் சங்கத்தின் போன் குழுவில் செய்தியைப் போட்டார். திரையைப் பார்த்தோம். ஒரு புள்ளியும் அசையவில்லை. பொறி என்று நினைத்தீர்கள். நானே உங்கள் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆண்டு முழுவதும் ஷட்டரை இழுக்க வைத்தவள், இப்போது வந்து அணை என்றால் யார் அணைப்பார்?

அப்போது ரொட்டிக் கடைக்காரர் மாவுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, நான் பேசட்டுமா என்று கேட்டார். போனைக் கொடுத்தேன். குழுவில் எல்லோருக்கும் கேட்கும்படி அவர் பேசிய சொற்கள் இவை. மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை எனக்கு.

“நான் ரொட்டிக் கடைக்காரன் பேசுறேன். உங்க யாரையும் மாட்டிவிட வரல. அவ எங்கயோ கிடக்கா, எந்தப் புள்ளி அவளோடதுன்னு தெரியல. அந்த டப்பாவை மட்டும் அணைச்சிடுங்க. நாளைக்கு உங்க மேல கேஸ் வந்தா, அவளும் நானும் உங்களோடயே வந்து நிக்கிறோம்.”

அணைந்தது ஒரு புள்ளி! மணமக்கள் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நிற்க, அவர்கள் தலைக்கு மேலிருந்த ட்ரோனை இறக்கி, அணைத்தார் நம் செயலாளர்! படம் பாதியில் நின்றது. மாப்பிள்ளை மட்டும் விவரம் தெரியாமல் ஆகாயத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாராம். அணைந்தது அடுத்த புள்ளி! பாதி வயலுக்கு மருந்து தெளித்த தம்பி, மீதி வயலைக் காய விட்டுவிட்டு அணைத்தார்! அணைந்தது இன்னொன்று! வீட்டுமனை விற்கப் படமெடுக்கும் அக்கா, வாங்க வந்தவர்களை மொட்டை வெயிலில் நிறுத்திவிட்டு அணைத்தார்! பேட்டரிக் கடைக்காரர் இழுப்பறையைத் திறந்து, பழுது பார்க்க வந்திருந்தவற்றையும் சேர்த்து அணைத்தார்! அவை வெறும் புள்ளிகளா அன்பர்களே? ஒவ்வொன்றும் ஒரு குரல்! நானும்தான், நானும்தான், நானும்தான் என்று நெஞ்சைத் தொட்டுச் சொன்ன குரல்! யார் பிடித்தும் அல்ல, யார் அடித்தும் அல்ல, அரசாங்கத்தின் கண்ணெதிரே அகப்பட்டுக்கொள்ள அவரவராகவே அடியெடுத்து வைத்தீர்கள்! எத்தனையோ பேர் ஓடி ஒளிவதைப் பார்த்த திரை அது. ஒரு மனுஷிக்காக இத்தனை பேர் வெளியே வந்து நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தது. எனக்குக் கண் கலங்கியது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். ஆனால் கதை முடியவில்லை. மிஞ்சியது ஒன்று அல்ல, இரண்டு! வடக்கு மலைக் குவாரியின் விளிம்பில் ஒன்று, தெற்குக் குவாரியை ஒட்டி ஒன்று. தீயணைப்பு நிலையத்தில் அப்போது இருந்ததோ ஒரே வண்டி. வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. தவறான பக்கம் போனால் திரும்பி வருவதற்குள் என்ன ஆகுமோ என்று யாருக்கும் தெரியாது. யார் இன்னும் அணைக்கவில்லை என்று செயலாளரைக் கேட்டேன். அவர் சொன்னார்... சொல்லலாமா தலைவரே? தலையாட்டிவிட்டார், அனுமதி கிடைத்தது.

நம் தலைவர்தான்! போன் அடிக்கிறது, எடுக்கவில்லை. மறுபடி அடிக்கிறது, எடுக்கவில்லை. வீட்டுக்குப் போன் செய்தால் அவருடைய மனைவி, அவர் வேலையாக வெளியூர் போயிருக்கிறார், ராத்திரிதான் வருவார் என்கிறார். சரி அம்மா, தெற்குக் குவாரியை ஒட்டி, மாவு மில்லுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி வைத்த ஓட்டு வீட்டில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்றேன்.

“அது எங்கம்மா வீடாச்சே!” என்றார் அவர்.

மனைவிக்குத் தெரியாமல் எங்கெங்கோ போகும் கணவன்மார்களைப் பற்றி நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள், நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். மனைவிக்குத் தெரியாமல் மாமியார் வீட்டுக்குப் போன மாமனிதரை இந்த மண் அதுவரை கண்டதில்லை! வாரத்தில் ஒரு நாள் வெளியூர் வேலை என்று சொல்லிக் கிளம்புவாராம். நேரே மாமியார் வீடு. வயிறு முட்டச் சாப்பாடு. மின்விசிறிக்கு நேர் கீழே பாய். போனுக்கு வாயை மூடிவிட்டு, கும்பகர்ணனுக்குத் தம்பியாய்க் குறட்டை. வீட்டில் பேசி முடிக்க வேண்டியதை நீங்கள் இருவரும் பேசி முடித்துவிட்டீர்கள் என்று நம்புகிறேன் தலைவரே. முடியவில்லை என்று இரண்டாம் வரிசையிலிருந்து அம்மா கையசைக்கிறார்.

மகள் தாய்க்குப் போன் போட்டார். மாப்பிள்ளையை எழுப்பு என்றார். அசதியில் தூங்குகிறவரை எப்படி எழுப்புவது, பாவம் என்றார் தாய். சரி, அவர் பையில் ஒரு சின்ன டப்பா இருக்கும், அதையாவது அணை என்றார் மகள். அந்த அம்மா பையைக் கவிழ்த்து டப்பாவைக் கண்டுபிடித்தார். பச்சை விளக்கு மினுக்கு மினுக்கென்று எரிகிறது. எங்கே அமுக்குவது என்று தெரியவில்லை. குலுக்கினார், ஊதினார், தட்டினார். குவாரிக்குள் ஒரு பெண் கிடக்கிறாள், சீக்கிரம் என்று மகள் கத்தியதும், எதிரே இருந்த தண்ணீர் வாளியில் டப்பாவைத் தொப்பென்று போட்டு, மேலே ஒரு குடத்தையும் கவிழ்த்து வைத்தார்!

திரையில் ஒரே ஒரு புள்ளி.

அந்த அம்மா இங்கே வந்திருக்கிறார். எழுந்து நில்லுங்கள் அம்மா. அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்தியதாக உங்கள் மேல் நான் எந்த வழக்கும் போடப் போவதில்லை. டப்பா உங்கள் மாப்பிள்ளையுடையது, அவரே புதிதாக வாங்கிக்கொள்வார். உட்காருங்கள், முழங்கால் வலி என்றார்கள்.

வண்டி வடக்கே பறந்தது. ரொட்டிக் கடைக்காரரும் நானும் பின்னாலேயே போனோம். குவாரியின் விளிம்பில் அவர் மனைவியின் ட்ரோன் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. பேட்டரி குறைந்ததும், கிளம்பிய இடத்துக்குத் தானாகவே திரும்பி வந்து இறங்கியிருக்கிறது. இறங்கிய இடத்தில்தான் ஆள் இல்லை. என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா ஓட்டிகளே? மேலே பறக்கிறதைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக நடப்பது உங்களில் யாருக்கு வழக்கமில்லை? கண் ஆகாயத்தில், கால் எங்கே என்று காலுக்கே தெரியாது. வேலி போட அளக்கப் போனவர், வேலியில்லாத விளிம்பில் அப்படித்தான் ஓரடி கூடுதலாக வைத்துவிட்டார். போன் கீழே தண்ணீரில் போய்விட்டது. அவர் பாதி ஆழத்தில் ஒரு பாறைத் திட்டில் கிடந்தார்.

நாங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே தீயணைப்பு வீரர்கள் விளிம்பில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். எந்தப் பெயரை? அவர்களிடம் இருந்த பதிவில் எந்தப் பெயர் இருந்ததோ அந்தப் பெயரை! நம் தலைவரின் திருநாமம் குவாரி முழுதும் எதிரொலித்தது. பதில் இல்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டார்கள். நாங்கள் விளிம்புக்கு ஓடிவந்த நேரத்தில்தான் கீழேயிருந்து மெலிதாக ஒரு குரல் வந்தது.

“ஐயோ, அவரும் விழுந்துட்டாரா?”

சிரியுங்கள். நாங்களும் சிரித்தோம். அழுதுகொண்டே சிரித்தோம். கயிற்றைக் கட்டி இறங்கினார்கள், பலகையில் கிடத்தி மேலே கொண்டுவந்தார்கள். கால் முறிந்திருக்கிறது, உதடு வெடித்திருக்கிறது, முகமெல்லாம் கல்தூள். மேலே வந்து கணவரைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வியை உங்களால் ஊகிக்க முடியும். சாப்பிட்டீங்களா என்றார். அந்த மனிதர் இல்லை என்று தலையாட்டிவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார்.

மறுநாள் காலையில் நான் அலுவலகத்துக்கு வந்தபோது டயர் கடையிலிருந்து மாடிப்படிவரை வரிசை. கையில் ட்ரோன், முகத்தில் கலக்கம். யாரும் கூப்பிடவில்லை, நீங்களாகவே வந்து நின்றீர்கள். ரொட்டிக் கடைக்காரரும் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து, சொன்ன சொல் தவறாமல் வரிசையின் கடைசியில் நின்றார். வழக்கு வந்ததா? வந்தது. நடந்ததை நடந்தபடியே மேலிடத்துக்கு எழுதினேன், நீங்களாகவே முன்வந்ததையும் சேர்த்து எழுதினேன். ஒரு மாதம் பறக்கத் தடை என்று உத்தரவு வந்தது, முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டீர்கள். விருதை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், தலைவருக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம்தான்.

அந்த ஒரு மாதத்தில் நீங்கள் என்னிடம் கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை. நாங்கள் நிற்கும் இடத்தை யார் யார் பார்க்கலாம் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி! உங்கள் இடத்தைக் கேட்கும் அரசாங்கம், தான் எப்போது பார்த்தது என்பதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டாமா? இப்போது காரணம் எழுதாமல் யாரும் உங்கள் இடத்தைத் திறந்து பார்க்க முடியாது. திறந்தால், திறந்தவர் யார் என்று உங்கள் போனுக்கே செய்தி வரும். என்ன ஐயா கையைத் தூக்குகிறீர்கள்? உங்களுக்கு ஒரு செய்தியும் வரவில்லையா? அப்படியென்றால் உங்களை யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம், நிம்மதியாக இருங்கள்.

நிறைவாக ஒன்று. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்த அந்த அளவைக்காரம்மாவைப் பார்க்கப் போனேன். ரொம்பப் பயந்துவிட்டீர்களா என்று கேட்டேன். அவர் சொன்னதைக் கேளுங்கள்.

“கால் வலிச்சுது, தாகமா இருந்துது. அதெல்லாம் தாங்கிட்டேன் மேடம். மேல வந்து நின்னு வேற ஒருத்தர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க பாருங்க. அப்போ, என்னைத் தேடி யாருமே வரலையோன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. அதைத்தான் தாங்க முடியல.”

பெரியோர்களே! பதிவு என்பது என்ன, பின்தொடர்தல் என்பது என்ன என்று ஆயிரம் பக்கம் எழுதலாம். எனக்கு அந்த ஒரு நிமிடம் போதும். பிடிப்பதற்காகப் பெயரைக் கேட்கும் அரசாங்கத்துக்கு நீங்கள் பெயரைத் தராதீர்கள், நானே சொல்கிறேன், தராதீர்கள்! ஆனால் தேடுவதற்காகக் கேட்டால் தாருங்கள். விழுந்தவரை விழுந்தவர் பெயரால் கூப்பிடத்தான் இந்த எண். வேறொன்றுக்கு இது பயன்பட்டால் முதலில் என்னிடம் வந்து சண்டை போடுங்கள். மாடி ஏறி வாருங்கள், கதவு திறந்தே இருக்கும்.

இன்று உங்கள் ஒவ்வொருவருக்கும் ஆளுக்கோர் எண் வழங்கப் போகிறோம். எண்ணும் பெயரும் பொறித்த முதல் தகடு என் கையில் இருக்கிறது. இது அவருடையது. கால் தேறி, மகளோடும் கணவரோடும் அந்தத் தூணருகில் உட்கார்ந்திருக்கிறார். இவ்வளவு நேரம் என் வாயைப் பொறுத்துக்கொண்ட உங்கள் பொறுமைக்கு என் நன்றி. மேடைக்கும் அவைக்கும் தலைதாழ்ந்த என் வணக்கம். நான் இப்போது ஒலிபெருக்கியை விட்டு விலகி நிற்கப் போகிறேன். இந்தத் தகட்டில் இருக்கும் பெயரை நான் படிக்கப் போவதில்லை. நீங்கள் கூப்பிடுங்கள். அன்றைக்கு அந்தக் குவாரியின் விளிம்பில் யாரும் கூப்பிடாத அந்தப் பெயரைச் சொல்லி, எல்லோரும் சேர்ந்து கூப்பிடுங்கள்!

கேட்கவில்லை. இன்னும் உரக்க!

இன்னும்!

அதோ எழுந்துவிட்டார். கையைத் தூக்கி என்னமோ சொல்கிறார், கொஞ்சம் அமைதி, கொஞ்சம் அமைதி. “இங்கதான் இருக்கேன்” என்கிறார்.